காது மட்டக்களப்பில், மெசின் கொஸ்ட்கோவில்

அப்பா வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் மெசினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த இரைச்சல் காதை ஒரே நாளில் எடுக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் டிவி சத்தம் கூடியது. அப்புறம் அக்கா ஃபோன் எடுத்தால் இரண்டு சொல் கதைத்துவிட்டு "இந்தா, நீ கதை" என்று என்னிடம் தந்துவிடுவார். கடைசியில் பாண் ஓட்டோ வாசலில் பாட்டுப் போட்டுக்கொண்டு நின்றாலும் தெரியாமல் திண்ணையில் இருப்பார். கேட்டால், "எனக்கு நல்லாக் கேட்குது மனே, நீங்கதான் வாய்க்குள்ள கதைக்கிறீங்க" என்பார்.

அக்கா இருப்பது கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து ஸ்காபரோவில். அங்கே போய் ஐந்தரை மாதம் நின்ற நேரம் கொஸ்ட்கோவில் ஒரு சோடி காது மெசின் எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு வருடமாகிறது, இன்றைக்கும் நாவற்குடாவில் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார். இப்போது எங்கள் பக்கத்தில் யாருடைய அம்மாவோ அப்பாவோ கனடா போகிறார்கள் என்றால் முதலில் எங்கள் வீட்டு கேற்றைத் தட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்கு: கொஸ்ட்கோ என்பது அங்கத்துவ அட்டை எடுத்தால்தான் சாமான் வாங்க முடிகிற பெரிய குதம் மாதிரியான கடை. அரிசி மூட்டை, டயர், டொய்லட் பேப்பர் எல்லாம் விற்கிற அதே கூரைக்குக் கீழே ஒரு மூலையில் காது மெசின் பிரிவும் இருக்கும். கனடாவில் சாதாரண அட்டைக்கு 2024 செப்டம்பரிலிருந்து வருடத்துக்கு 65 டொலர். ஒரு சோடி மெசின் 2000 கனடிய டொலரைச் சுற்றி வரும். தனியார் கிளினிக்குகளில் அதே தரத்துக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கேட்பார்கள். காதைச் சோதிப்பதற்கும், பிறகு சுத்தம் செய்வதற்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைத்துத் திருத்துவதற்கும் தனியாகக் காசில்லை. பிடிக்காவிட்டால் 180 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் கொஸ்ட்கோ இருக்கிறது. இலங்கையில் இல்லை, இந்தியாவிலும் இல்லை.

எங்களுக்கு முக்கியமானது அந்தக் கடைசி வசனம்தான். அங்கே கொடுக்கிற 2000 டொலரில் பாதி மெசினுக்கு, பாதி அந்த ஆட்கள் உங்கள் காதோடு மினக்கெடுகிற நேரத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசினை சூட்கேசில் கொண்டு வரலாம். அந்த மினக்கேட்டைக் கொண்டு வர முடியாது. ஆகவே விலையைப் பார்க்குமுன் நாட்களை எண்ணுங்கள்.

நாட்கணக்கு

நேரம் எடுத்தவுடன் கூப்பிடமாட்டார்கள். ஆட்கள் கூடிய கிளைகளில் சோதனைக்கே சில கிழமை காத்திருக்க வேண்டிவரும். சோதித்து ஓடர் கொடுத்தால் மெசின் வர ஒன்றிரண்டு கிழமை. காதில் பூட்டிய பிறகு இரண்டு கிழமையில் ஒரு முறை, அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் ஒரு முறை, விமானம் ஏறுவதற்கு முந்திய கிழமையில் கடைசி முறை. இதெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மூன்று மாதம் வந்துவிடும். மூன்று மாதத்துக்குக் குறைவாக நிற்கப்போகிற ஆள் என்றால், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போய் ஒரு மாதத்தில் திரும்புகிற ஆள் என்றால், அங்கே எடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். அரைகுறையாகத் திருத்திய மெசின் அலுமாரிக்குள்தான் போகும்.

விசிட்டிங் விசாவில் வழமையாக ஆறு மாதம் நிற்கலாம் என்பதால், மெசின் கைக்கு வந்து அந்த 180 நாள் முடியுமுன்னே ஊருக்குத் திரும்ப வேண்டிவரும். ஊருக்கு வந்து பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. பிடித்ததா இல்லையா என்பதை அங்கே இருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அதனால் ரிக்கெற் போட்ட அன்றைக்கே அங்குள்ள பிள்ளையைக் கொண்டு ஃபோன் பண்ணி நேரம் எடுக்கச் சொல்லுங்கள். ஃபோனிலேயே இன்னொன்றும் கேட்க வேண்டும்: அட்டை எங்கள் அத்தானுடையது, மெசின் அப்பாவுக்கு, அப்பாவின் பெயரில் கோப்புத் திறக்கலாமா, அதற்கு என்ன கடதாசி வேண்டும். ஒன்ராறியோவில் காது மெசினுக்கு ஒடியோலஜிஸ்ட் (செவிப்புலன் நிபுணர்) அல்லது டொக்டர் எழுதித் தர வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது, அதை அவர்களே ஒழுங்கு செய்வார்களா, வெளியில் எடுத்து வர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அப்புறம் அங்குள்ள சனம் "கவுண்மெந்து ஒரு மெசினுக்கு 500 டொலர் வரை தரும்" என்று சொல்லும். உண்மைதான், ஆனால் அது ஒன்ராறியோ சுகாதார அட்டை உள்ளவர்களுக்கு. விசிட்டிங்கில் போன அப்பாவுக்குக் கிடையாது, அந்தக் காசை எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

போகுமுன் இங்கே செய்ய வேண்டியது

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது மூக்கு தொண்டைக் கிளினிக் இருக்கிறது. கல்முனை, அம்பாறைப் பக்கத்தார் தங்களுக்குக் கிட்டிய பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள். போய்க் காதைக் காட்டி, குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். குறும்பியோடு கொஸ்ட்கோவுக்குப் போனால் "எடுத்துவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். காத்திருந்த நேரமெல்லாம் போச்சு, திரும்பவும் வரிசையில் பின்னுக்கு. செவிப்பரிசோதனை செய்து அந்தக் கோட்டுப்படத்தின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காதில் மட்டும் குறைவு, திடீரென்று ஒரு நாளில் கேட்காமல் போனது, தலைச்சுற்று, காதிலிருந்து சீழ் அல்லது இரத்தம், இதில் எது இருந்தாலும் மெசின் கதையை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள். திடீரென்று போன காதுக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு, கனடா போய்ப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

காதுக்குள் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் உள்ளவர்கள் அதை நிறுத்திக்கொள்ளுங்கள். நெருப்புக்குச்சியால் கிண்டுகிறவர்களுக்கு நான் சொல்லி என்ன, எங்கள் அப்பாவே நிறுத்த ஒரு வருடம் எடுத்தது.

சோதனை நாளில்

சத்தமில்லாத அறையில் இருத்தி, காதில் மாட்டி, 'பீப்' சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொல்வார்கள். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை, 250 ஹேர்ட்ஸிலிருந்து 8000 வரை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மெல்லிய சத்தம் கேட்கிறது என்று குறிப்பார்கள். இதற்கு மொழி தேவையில்லை. ஆலைச் சத்தத்தில் நின்றவர்களுக்கு 4000 பக்கத்தில் கோடு கீழே குழிந்து விழும், அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. க, ச, த, ப எழுத்துகளைப் பிரித்தறிய உதவுகிற நுண்ணிய சத்தம் பெரும்பாலும் அந்த உயர்ந்த சுருதிப் பக்கம்தான். அதனால்தான் "பட்டு" என்றால் "தட்டு" என்று கேட்டு, கோப்பையைக் கொண்டுவந்து நீட்டுவார்.

சிக்கல் அடுத்ததில்தான். சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்கிற சோதனை ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் பழக்கமில்லாத ஆளுக்கு அதில் வருகிற புள்ளி காதின் புள்ளியே இல்லை. கேட்டிருக்கும், சொல் தெரியாததால் திருப்பிச் சொல்ல வராது. அதை வைத்து "இவருக்கு மெசினால் அவ்வளவு பயன் வராது" என்று நினைத்துவிடக் கூடும். கூடப் போகிறவர் முதலிலேயே சொல்லிவிடுங்கள், தாய்மொழி தமிழ், ஆங்கிலச் சொற் சோதனையை நம்ப வேண்டாம் என்று. அக்கா ஒரு வேலை செய்தா, எனக்கு மிகவும் பிடித்தது. கட்டு, பட்டு, தட்டு, சட்டி, பல், கல், சொல், பால், கால் என்று இருபது சொல்லை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய், மெசின் பூட்டுமுன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லி எத்தனை சரி என்று குறித்தா. பூட்டிய பிறகு ஒழுங்கை மாற்றித் திரும்பச் சொன்னா. வாயை மறைக்க மறக்க வேண்டாம், நீண்ட நாள் காது கேட்காத ஆட்கள் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார்கள், தங்களுக்கே அது தெரியாது. ஒவ்வொரு முறை திருத்திய பிறகும் இதே துண்டைப் பாவித்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

மெசின் பூட்டுகிற நாளில் இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரு மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, மெசின் தருகிற சத்தம் செவிப்பறைக்குக் கிட்ட உண்மையில் எவ்வளவு வருகிறது என்று அளந்து, அதைப் பார்த்துத் திருத்துவார்கள். கொம்பனிக் கணினி ஊகித்துப் போடுகிற அளவு ஒவ்வொருவருடைய காதுத் துவாரத்துக்கும் ஒத்துவராது, ஆகவே இது கட்டாயம். செய்யாமல் விட்டால் கேட்டுச் செய்வியுங்கள்.

எந்த மெசின்

கொஸ்ட்கோ ஒரு காலம் கேர்க்லண்ட் என்ற தன் சொந்தப் பெயரிலும் மெசின் விற்றது. இப்போது ஃபிலிப்ஸ், ரெக்ஸ்டன், ஜப்ரா என்று மாறி மாறி வைத்திருக்கிறார்கள். பெயர்கள் வேறு, உள்ளே இருப்பவை காது மெசின் செய்கிற பழைய கொம்பனிகள்தான்: ஃபிலிப்ஸ் காது மெசினைச் செய்வது ஒட்டிகன் செய்கிற டெமான்ட் கொம்பனி, ரெக்ஸ்டனைச் செய்வது சிக்னியா செய்கிற கொம்பனி, ஜப்ரா ரிசவுண்ட்காரருடையது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், காதுக்குள் போகிற றப்பர்க் குடையும் குறும்பி வடிகட்டியும் பெரும்பாலும் இந்த உறவுக்கார மெசின்களுக்கும் பொதுவானவை. ஃபிலிப்ஸுக்குப் போகிற புரோவாக்ஸ் மினிஃபிட் வடிகட்டிதான் ஒட்டிகனுக்கும் போகிறது. ஆகவே கொழும்பில் ஒட்டிகன் வைத்திருக்கிற இடத்தில் அதைக் கேட்கலாம்.

ஆனால் சத்தத்தைத் திருத்துகிற மென்பொருள் அப்படியில்லை. கொஸ்ட்கோவுக்கென்று செய்த மெசினை வெளியில் உள்ள கிளினிக்கில் பொதுவாகத் திறக்க முடியாது, அதற்கான மென்பொருள் அவர்களிடம் இராது. நான் கொழும்பில் ஒரு இடத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன், உதயதேவி ரயிலில் முழுப் பகல் இருந்து, மறுநாள் காலையில் போய், மெசினைக் கையில் வாங்கிப் பார்த்த அந்தப் பிள்ளை ஒரு நிமிடத்தில் "இது எங்களால் ஏலாது அங்கிள்" என்றா. அவவில் பிழையில்லை. கேட்காமல் போனது என் பிழை. வாங்குமுன் நேராகக் கேளுங்கள்: நாங்கள் இருப்பது இலங்கையில், இந்த மொடலை வெளியில் யாரும் திருத்த முடியுமா, இல்லையென்றால் ஃபோன் அப் (செயலி) மூலம் நாங்களே எதையெல்லாம் மாற்றலாம், தூரத்திலிருந்து நீங்கள் திருத்துகிற வசதி இருக்கிறதா.

பற்றரி போடுகிறதா, சார்ஜ் பண்ணுகிறதா என்று கேட்பார்கள். கை நடுங்குகிறவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் சார்ஜ் பண்ணுகிறது லேசு, இரவு பெட்டிக்குள் வைத்தால் சரி, ஒரு நாள் முழுக்கப் போகும். ஆனால் அதன் உள் பற்றரி நாலைந்து வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றுவதற்குக் கொம்பனிக்குத்தான் அனுப்ப வேண்டும், அந்த நேரம் வொரண்டி முடிந்திருக்கும். குட்டிப் பற்றரி போடுகிற மெசின் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. மண்ணிறத் தாள் ஒட்டிய 312 ஒரு கிழமை போகும், செம்மஞ்சள் தாள் ஒட்டிய 13 அதைவிடக் கூடப் போகும், கொஸ்ட்கோவில் நாற்பத்தெட்டு ஒரு பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். எண்பது வயது ஆளுக்கு சார்ஜ் மெசின் எடுங்கள். அறுபதுகளில், கண் நல்லாயிருக்கிற ஆளென்றால், ஊரில் இருக்கப்போகிறவர் என்றால் நான் பற்றரி மெசினைத்தான் சொல்வேன். புதிய மொடல்களில் அது குறைந்துகொண்டு வருகிறது, இருந்தால் விடாதீர்கள்.

அங்கே நிற்கிற மாதங்கள்

முதல் கிழமை அப்பா மெசினைக் கழற்றி மேசையில் எறிந்தார். பானைக்குள் தலையை விட்டுக் கதைக்கிற மாதிரி இருக்கிறதாம், தன் குரல் தன்னுடையது இல்லையாம், கோப்பை கழுவுகிற சத்தம் தலைக்குள் குத்துகிறதாம். எல்லாருக்கும் இப்படித்தான். பல வருடம் அந்தச் சத்தங்கள் இல்லாமல் இருந்த மூளைக்கு அவை புதிது. முதல் நாட்களில் இரண்டு மூன்று மணித்தியாலம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு மாதத்தில் முழிப்பிலிருந்து நித்திரை வரை என்று கொண்டுவர வேண்டும்.

அடுத்த முறை போய் "சரியில்லை" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது. ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எந்த இடம், யார் கதைத்தது, எந்தச் சத்தம். "பேரன் கதைப்பது விளங்கவில்லை, பேத்தி கதைப்பது விளங்குகிறது", "தண்ணீர்க் குழாய் திறந்தால் கூசுகிறது", "ஃபோனைக் காதில் வைத்தால் விசிலடிக்கிறது". இப்படிச் சொன்னால் எந்தச் சுருதியைத் தொட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். விசில் என்றால் பெரும்பாலும் றப்பர்க் குடையின் அளவு சிறிது, மாற்றித் தருவார்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. ஸ்காபரோ வீடு பனிக்காலத்தில் எப்படி? நிலமெல்லாம் காப்பெற், ஜன்னல் பூட்டு, ஆள் நடந்தால் சத்தமில்லை. அங்கே எல்லாம் பிரமாதமாகக் கேட்டது. இங்கே சீமெந்துத் தரை, தலைக்கு மேலே ஃபேன், திறந்த ஜன்னல், காகம், தெருவில் ஓட்டோ, பின்வளவில் மோட்டர், கல்லடிக் கடற்காற்று. வந்த முதல் நாள் அப்பா காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். ஆகவே அங்கே நிற்கும்போதே அமைதியான வீட்டுக்குள் வைத்துச் சரியென்று முடிவெடுக்காதீர்கள். தமிழ்க் கடைக்கு, கோயிலுக்கு, கலியாண மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கடைசித் திருத்தத்தில் இரைச்சலான இடத்துக்கென்று இரண்டாவது புரோகிராம் ஒன்று போடச் சொல்லி, அதை ஃபோன் அப்பில் தேடாமல் மெசினிலுள்ள பொத்தானை அமத்தினால் மாறுகிற மாதிரிக் கேளுங்கள். கண்ணகி அம்மன் கோயில் குளுத்திச் சடங்கில் பறைச் சத்தத்தில் நிற்பதற்கு அதுவும் காணாது, அப்போது கழற்றிப் பெட்டிக்குள் வைப்பதுதான் புத்தி.

விமானம் ஏறுமுன் வாங்கிக்கொள்ள வேண்டியவை

கடதாசிகள்: செவிப்பரிசோதனைப் படம், குழாய் விட்டு அளந்த படம், மொடல் பெயர், இரண்டு மெசினினதும் இலக்கம், ஸ்பீக்கர் வயரின் நீளமும் பலமும், குடையின் வகையும் அளவும், வடிகட்டியின் பெயர். எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதானால் திருத்துகிற வொரண்டி எத்தனை வருடம், தொலைந்தால் மாற்றித் தருவது எத்தனை வருடம் என்பதையும் எழுதி வாங்குங்கள், இரண்டும் ஒன்றில்லை. தொலைந்த மெசினை மாற்றித் தரும்போது கொஸ்ட்கோவில் உங்கள் பங்குக்கென்று காசு கேட்பதில்லை, ஆனால் எத்தனை தடவை என்பதற்கு எல்லை இருக்கும்.

சாமான்கள்: வடிகட்டியும் குடையும் இரண்டு வருடத்துக்குக் காணக்கூடிய அளவு. கூச்சப்படாமல் "நாங்கள் ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிக் கேளுங்கள். எங்களுக்குக் கை நிறையத் தந்தார்கள். சார்ஜரின் அடாப்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. 100-240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். யுஎஸ்பி வயர் என்றால் இங்குள்ள ஃபோன் அடாப்டரிலேயே போடலாம், மின்சாரம் போனால் பவர் பாங்கிலும் போடலாம். மாரியில் எங்கள் பக்கம் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும்தானே.

மெசினைக் காதிலேயே போட்டுக்கொண்டு வரட்டும். பற்றரிகளைக் கைப்பையில் வையுங்கள்.

ஊரில்

இங்கே மெசினுக்கு எதிரி ஈரம்தான். கடலும் வாவியும் இரண்டு பக்கமும், சித்திரையில் வியர்வை, ஐப்பசியிலிருந்து மழை. ஒவ்வொரு இரவும் உலர்ந்த துணியால் துடைத்து, இறுக்கமான மூடியுள்ள போத்தலில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பற்றரி மெசின் என்றால் பற்றரியை வெளியில் எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடி. சார்ஜ் மெசின் என்றால் சார்ஜ் ஏறிய பிறகு கொஞ்ச நேரமாவது அதற்குள் போடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட்டு, ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். புதுப் பற்றரியின் தாளை உரித்தால் உடனே உள்ளே போடாமல் இரண்டு மூன்று நிமிடம் காற்றுப் படவிட்டுப் போடுங்கள், கூடநாள் போகும். பற்றரியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

ஹெல்மெட் பெரிய வில்லன். கல்லடிப் பாலம் தாண்டி வந்து, அப்பா பின்சீற்றிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற, வலது மெசினும் அதோடு சேர்ந்து போய்விட்டது, தெருவோரம் குனிந்து தேடினது எனக்கும் அவருக்கும்தான் தெரியும். அன்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் மெசின் பெட்டிக்குள். முகக்கவசத்தின் நாடாவும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். நாய் இருந்தால் கட்டிலில் கழற்றி வைக்காதீர்கள், குறும்பி மணத்துக்குக் கடித்துவிடும்.

கேட்கவில்லை என்றால் பதறாமல் ஒழுங்காகப் பாருங்கள். சார்ஜ் அல்லது பற்றரி. அதற்குப் பிறகு வடிகட்டி: நுனியில் இருக்கிற வெள்ளைத் துவாரம், அடைத்தால் மெசின் செத்த மாதிரி இருக்கும், மாற்றினால் உயிர் வந்துவிடும். எங்கள் வீட்டில் வந்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இதுதான். பிறகு குடை கிழிந்திருக்கிறதா, பிறகு இடது வலது மாறிப் போட்டிருக்கிறதா (சிவப்பு வலது, நீலம் இடது). எல்லாம் சரியென்றால் குற்றம் மெசினில் இல்லாமல் காதில் இருக்கலாம், போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் குறும்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

போகாத ஆட்களுக்கு

கனடா போகாத அம்மாவுக்கு அங்கிருந்து மெசின் வாங்கி அனுப்பச் சொல்லாதீர்கள். இன்னொன்று, செத்துப்போன பெரியம்மாவின் மெசினைச் சித்தப்பாவுக்கு என்று அனுப்புகிறார்கள். அது பெரியம்மாவின் காதுக்குப் போட்ட சத்தம். குறைவாக இருந்தால் பயனில்லை, கூடவாக இருந்தால் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியையும் கெடுக்கும்.

இவர்களுக்கு வழி இங்கேதான். கிளினிக்கில் காட்டிப் பரிசோதனைப் படத்தோடு பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள், செவிப்புலன் கருவிக்கு அரசாங்க உதவி கிடைக்கிற வழியை அவர் சொல்வார், கிராம சேவகரின் கடிதமும் எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம். தனியாரிடம் வாங்குவதென்றால் விலையைக் கேட்க முதல், திருத்துவதற்கு ஆள் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். வராத கடையின் மலிவு, கொழும்புக்கு ஏறி இறங்குகிற செலவில் போய்விடும்.

பழுதானால் அனுப்புவது

வொரண்டிக் காலத்துக்குள் ஒரு மெசின் செத்துவிட்டால், கனடா போகிற யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம். திருத்துவதற்குக் காது தேவையில்லை, சத்தம் மாற்றுவதற்குத்தான் காது தேவை. அதற்காகவே முதல் நாளில் கோப்புத் திறக்கும்போது அக்காவின் பெயரையும் ஃபோன் இலக்கத்தையும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளிடமிருந்து வாங்கத் தயங்குவார்கள். எடுத்த கிளைக்கே போக வேண்டுமென்று இல்லை, அங்குள்ள வேறு கிளையிலும் பார்ப்பார்கள், ஆனால் நேரம் எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். திருத்திவரும் மெசினில் பழைய அளவுகளைத் திரும்பப் போட்டுவிட்டார்களா என்று அக்கா அங்கேயே கேட்டு உறுதிசெய்ய வேண்டும், சில வேளை புது மெசின்தான் தருவார்கள், அதில் ஒன்றும் இராது.

இரண்டையும் ஒன்றாக அனுப்பாதீர்கள். பழுதானதை மட்டும் அனுப்புங்கள், வலதா இடதா என்று பெட்டிக்கு மேல் எழுதி, இலக்கத்தின் படத்தை அக்காவுக்கு வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு. எங்களுக்குப் போய் வர இரண்டரை மாதம் எடுத்தது. அந்த இரண்டரை மாதமும் அப்பா ஒற்றைக் காதோடு இருந்து, எங்களை எல்லாம் இடது பக்கம் வந்து கதைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.